மழை பில்லும் துடைப்பக் காசும்

மழைக்கு பில் வரும் ஊரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். இதை முதல் தடவை போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. மடிப்பாக்கத்தில் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து, அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றி, பல ஐப்பசி கார்த்திகைகளைத் தாண்டியவர். "மழைக்கு வரியா? அப்போ நம்ம வீட்டுக்கு எவ்வளவுடா போடுவான்?" என்றார். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அப்புறம் யோசித்தால், அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. வீட்டுக்கு எவ்வளவு? கடைக்கு எவ்வளவு? கோயிலுக்கு எவ்வளவு? இந்த மூன்று கேள்விக்கும் நான் இருக்கும் அமெரிக்க நகரமான ஃபிலடெல்ஃபியா ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலில் எனக்குப் பிடித்தது நிறைய, எரிச்சல் வருவதும் கொஞ்சம். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

இங்கே தண்ணீர் பில்லில் குடிநீர், கழிவுநீர் இரண்டோடு மூன்றாவதாக மழைநீருக்கென்று ஒரு தொகை இருக்கும். எங்களைப் போல வீடு வைத்திருப்பவர்களுக்கு எல்லோருக்கும் ஒரே தொகைதான், அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. விஷயம் கடை, குடோன், பள்ளி, தேவாலயம் மாதிரி இடங்களில். 2010 வரை அவர்களுக்கு இந்தத் தொகையைத் தண்ணீர் மீட்டரின் அளவை வைத்துப் போட்டார்கள். மீட்டருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? மாடி மாடியாக அடுக்கிய அலுவலகக் கட்டடத்துக்குப் பெரிய மீட்டர், அதனால் பெரிய தொகை, இத்தனைக்கும் அது அடைத்துக்கொண்டிருக்கும் நிலம் கொஞ்சம். ஏக்கர் கணக்கில் தார் போட்டு மூடிய பார்க்கிங் லாட்டில் குழாயே கிடையாது, மீட்டரும் கிடையாது, அது ஒரு பைசா கட்டாது. ஆனால் மழை பெய்தால் சாக்கடையை நிரப்புவது அந்தப் பார்க்கிங் லாட்தான். 2010 ஜூலையில் தொடங்கி நான்கு வருடத்தில் இதைப் படிப்படியாக மாற்றினார்கள். இப்போது கணக்கில் 80 சதவீதம், உன் மனையில் தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கூரை, சிமென்ட், தார் எல்லாம் அதில் சேரும். மீதி 20 சதவீதம் மனையின் மொத்தப் பரப்பைப் பொறுத்தது. மண்ணை மூடியவன் கட்டு, திறந்துவிட்டவனுக்குத் தள்ளுபடி. ஒரு நகரம் இவ்வளவு நேராக யோசித்து நான் பார்த்ததில்லை.

ஏன் இந்தப் பாடு என்றால், அதற்கு ஓடைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் டக்கோனி ஓடை. ஒரே ஓடைக்கு மூன்று பெயர்: நகர எல்லைக்கு மேலே டூக்கனி, எங்கள் பக்கம் டக்கோனி, இன்னும் கீழே போனால் ஃப்ராங்க்ஃபர்ட். நம்மூரில் கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியல், பின் ஒரு இனிஷியல் மாதிரி. வெயில் நாளில் பார்த்தால் அழகான ஓடை, கொக்கு நிற்கும், பையன்கள் கல் எறிவார்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கரையோரக் கிளைகளில் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியது போல இருக்கும். கிட்டே போனால்தான் அது குழந்தைகளைத் துடைத்து டாய்லெட்டில் போடும் ஈரத்துணி என்று தெரியும். டாய்லெட்டில் போட்டது கிளைக்கு எப்படி வந்தது?

ஃபிலடெல்ஃபியாவில் சாக்கடை இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். பழைய ஊர், அந்தக் காலத்து வழக்கம். மழை இல்லாத நாளில் எல்லாமே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், பிரச்சினை இல்லை. மழை வந்தால் குழாய் கொள்ளாது. கொள்ளாததை எங்காவது விட வேண்டுமே, இல்லாவிட்டால் வீடுகளின் அடித்தளத்தில் பொங்கும். அதற்காக ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் திறப்புகள் வைத்திருக்கிறார்கள், மொத்தம் 164. அதன் வழியாக மழையோடு மற்றதும் போகும். இதற்குப் புயல் வர வேண்டும் என்பதில்லை, ஒரு சாதாரண கோடை மழை போதும். நகரம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த ஓடைகளெல்லாம் போய்ச் சேரும் டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளிலிருந்துதான்.

எங்கள் ஓடைக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. விங்கோஹாக்கிங் என்று ஒரு துணை ஓடை இருந்தது. நூறு வருடத்துக்கு முன் அதை அப்படியே செங்கல் குழாய்க்குள் அடைத்து, மேலே சாம்பலும் குப்பையும் கொட்டிச் சமன்செய்து, வீடு கட்டிவிட்டார்கள். லோகன் என்ற பகுதியில் அந்த வீடுகள் மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது 1980களில் பெரிய செய்தி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. ஓடை செத்துப்போகவில்லை, குழாய்க்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மழை நாளில் டக்கோனி ஓடைக்குள் வந்து கொட்டும் பெரிய திறப்பு அதனுடையது. ஏரியில் வீடு கட்டிய வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, தீர்வு என்ன? வழக்கமான வழி, தரைக்கு அடியில் ராட்சதச் சுரங்கம் தோண்டி மழை நாள் தண்ணீரைப் பிடித்துவைத்து, அப்புறம் மெதுவாகச் சுத்திகரிப்பது. வாஷிங்டன் டி.சி. அப்படித்தான் பெரும்பகுதியைச் செய்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஹோவர்ட் நியூக்ரக் என்ற தண்ணீர்த் துறைப் பொறியாளர் தலைமையில் ஒரு குழு வேறு மாதிரி யோசித்தது: அந்தப் பணத்தைப் பூமிக்கு அடியில் புதைப்பதற்குப் பதிலாக மேலேயே செலவழிக்கலாம், தெருவோர மரக்குழி, பள்ளிக்கூட மைதானம், மழைத்தோட்டம், தண்ணீர் இறங்கும் தார் என்று ஊர் முழுக்க மண்ணைத் திறந்துவிடலாம். 2011 ஜூனில் மாநில அரசோடு ஒப்பந்தம். 25 ஆண்டு, 240 கோடி டாலர், ஆறுகளுக்குப் போகும் மழைநீர் மாசில் 85 சதவீதம் குறைய வேண்டும். அளவுகோல் 'பசுமை ஏக்கர்'. ஓர் ஏக்கர் சிமென்ட் தரையில் குறைந்தது முதல் ஓர் அங்குலம் மழையைப் பிடித்துவிட்டால் ஒரு பசுமை ஏக்கர். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்பது ஏதோ சிறிது போலத் தோன்றும், கணக்குப் போட்டால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டு ஒன்பது வந்து வரிசையில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2036க்குள் இப்படி 9,564 ஏக்கர் வேண்டும். முதல் பத்து வருடத்தில் 2,000த்தைத் தாண்டினார்கள். அதாவது மலையின் பெரிய பாதி இன்னும் ஏற வேண்டியிருக்கிறது, எளிதில் கிடைத்த இடங்களெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன நிலையில்.

இதுவரை சொன்னது பெரிய கதை. இனி சின்னக் கதை.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன தேவாலயம், அரை ஏக்கர் பார்க்கிங் லாட்டோடு. ஞாயிறு காலை தவிர அங்கே கார் நிற்காது. மூன்று வருடம் முன்பு தெருக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் அங்கத்து பாஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். மழைநீர் பில். மாதம் இருநூறு டாலருக்குப் பக்கம், அதுவும் தர்ம ஸ்தாபனத் தள்ளுபடி போக. "நாங்கள் மழையை வரவழைக்கச் சொல்லி ஜெபம்கூடப் பண்ணவில்லையே" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. ஐம்பது அறுபது பேர் வரும் சபைக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்த மாதிரி முணுமுணுப்பு எல்லா ஊரிலும் உண்டு. மேரிலாந்தில் 2012இல் பெரிய கவுன்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்பதும் பால்டிமோர் நகரமும் இப்படி ஒரு கட்டணம் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் அதற்கு 'மழை வரி' என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான், பெயரே ஆளைக் கொன்றது. 2014 ஆளுநர் தேர்தலில் லாரி ஹோகன் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டு கேட்டார், ஜெயித்தார், 2015இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அதே மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டியில் வேறொரு கூத்து: சுற்றுச்சூழல் பற்றிப் பிரசங்கம் செய்து, இடத்திலும் ஏதாவது வேலை செய்தால் தேவாலயங்களுக்குக் கட்டணத்தில் சலுகை. இதை எங்கள் பாஸ்டரிடம் சொன்னேன். "அதற்கென்ன, ஆதியாகமம் ஏழாம் அதிகாரம் இருக்கவே இருக்கிறது" என்றார். நோவாவின் வெள்ளம்.

பார்க்கிங் லாட்டின் தாழ்ந்த மூலையில், முப்பது அடிக்கு இருபது அடி தாரைப் பெயர்த்து ஒரு மழைத்தோட்டம் போடுவது என்று முடிவானது. அந்த மூலைக்கு ஐயாயிரம் சதுர அடித் தண்ணீர் தானாக ஓடி வரும். முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். இரண்டடிக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றி, ஸ்கேலை நட்டுவைத்து, அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் வேலை. ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் மடக்கு நாற்காலி போட்டுக் குழிக்கு இருபக்கமும் உட்கார்ந்திருந்தோம், எட்டிப் பார்த்தவர்களெல்லாம் மீன் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குழியிலிருந்து வந்தது மண்ணைவிட மற்றதுதான் அதிகம்: உடைந்த செங்கல், நிலக்கரிச் சாம்பல், பச்சைக் கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம், ஒரு பொம்மையின் கை. மணிக்கு முக்கால் அங்குலம் இறங்கியது. போதும், தாராளம்.

இனி பணம். மொத்தம் 22,000 டாலர் என்று மதிப்பீடு வந்தது. வரைபடம், தாரை அறுப்பது, தோண்டுவது, பழைய மண்ணை லாரியில் அனுப்புவது, மணல் கலந்த புது மண், ஜல்லி, செடி. நகரமே இதற்கு மானியம் கொடுக்கிறது, 2014இல் அதைப் பெரிதாகவும் ஆக்கினார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது ஒரு பசுமை ஏக்கருக்கு எத்தனை டாலர் ஆகிறது என்று. ஷாப்பிங் மால்காரன் பத்து ஏக்கரைக் காட்டினால் ஏக்கருக்குச் செலவு குறையும், வரி கட்டுகிறவன் பணத்துக்கு நியாயம். அந்தக் கணக்கில் எங்கள் மூலை கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பக்கம் 'ரெயின் செக்' என்ற திட்டம் வீடுகளுக்கானது. மழை பீப்பாய், கூரைக் குழாயடியில் வைக்கும் செடித்தொட்டி, சிமென்ட் பெயர்ப்பது, இதற்கெல்லாம் பெரும்பகுதியைத் தண்ணீர்த் துறை போடும், நம் பங்கு கொஞ்சம். அருமையான திட்டம், எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பீப்பாய் இருக்கிறது. ஆனால் தேவாலயம் வீடில்லை. மாலும் இல்லாமல் வீடும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அறக்கட்டளைகளிடமும் மாநில, மத்திய மானியங்களிடமும் போக வேண்டும்.

அங்கே இரண்டு சொற்கள் காத்திருக்கும். ஒன்று மேட்ச். நான் இவ்வளவு தருகிறேன், நீ எவ்வளவு போடுவாய்? தூய நீர்ச் சட்டத்தின் 319ஆம் பிரிவில் வரும் மத்திய மானியத்தில் 40 சதவீதம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும், தனியார் அறக்கட்டளைகள் பலவும் அதே பழக்கம்தான். பணம் இல்லாவிட்டால் உழைப்பாகக் காட்டலாம் என்பது ஆறுதல். தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு 30 டாலருக்கு மேல் மதிப்பு என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு வருடா வருடம் வெளியாகும். சனிக்கிழமை மண்வெட்டியோடு நின்றால் காகிதத்தில் நான் 30 டாலர் ஆள். அதற்குக் கையெழுத்துத் தாள், நேரம், போட்டோ எல்லாம் வேண்டும். கிராமத்தில் நூறு நாள் வேலை அட்டையில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பார்களே, அதே காட்சி. என்ன, நிற்கிறவர்களில் ஒருவர் பல் டாக்டர்.

இரண்டாவது சொல் ரீஇம்பர்ஸ்மென்ட். முதலில் நீ செலவு செய், ரசீதைக் கொண்டு வா, பிறகு தருகிறேன். இந்தக் கட்டுரையே இந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் சங்கத்தின் பேங்க் கணக்கில் அன்றைக்கு இருந்தது 1,900 டாலர். தார் அறுத்துத் தோண்டித் தந்த ஒப்பந்தக்காரரின் முதல் பில் 9,000. அவரும் இரண்டு லாரியும் மூன்று ஆளும் வைத்துப் பிழைப்பவர், தொண்ணூறு நாள் பொறு என்று சொல்ல எங்களுக்கு முகம் இல்லை. கடைசியில் சங்கத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், தன் சொந்த கிரெடிட் கார்டை நீட்டினார். மானியம் கொடுத்த இடத்துக்கு ரசீதுகளை அனுப்பினோம். செடி வாங்கிய ஒரு ரசீதில் தேதி மங்கலாக இருந்தது என்று மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதக் கார்டு வட்டியை மானியத்தில் காட்ட முடியாது, விதியில் இடமில்லை. அவர் இன்று வரை அந்த வட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கத் தைரியம் இல்லாமல் அவர் வீட்டுக்கு ஒரு முறை பிரியாணி செய்து அனுப்பினோம்.

ஆற்றங்கரையோரம் மரங்கள் அடர்ந்த, வசதியான தெருக்களிலும் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே ஓய்வுபெற்ற வக்கீல் விண்ணப்பம் எழுதுவார், ஓய்வுபெற்ற கணக்காளர் ரசீது அடுக்குவார், பேங்க் கணக்கில் இருபதாயிரம் சும்மா இருக்கும். அவர்களுக்கு இந்த விதி ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். நிஜமாகவே சிமென்ட் அதிகம், மரம் குறைவு, சாக்கடை பொங்குவது அதிகம் என்று இருக்கும் தெருக்களில்தான் இந்த விதி ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. மானியம் தருகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று கேட்க முடிந்தால், கூட வேண்டாம் ஐயா, கால் பங்கை முன்பணமாகக் கொடுங்கள் என்பேன். கட்டடம் கட்டும் மேஸ்திரிகூட அட்வான்ஸ் இல்லாமல் கடக்கால் தோண்ட மாட்டார்.

தோட்டம் வந்தது. மே மாதம் நட்டோம். ஸ்விட்ச் கிராஸ் என்ற உயரப் புல், கறுப்புக் கண் வைத்த மஞ்சள் பூ, நீல ஐரிஸ், நடுவில் இரண்டு ரிவர் பர்ச் மரக்கன்று. எல்லாமே இந்த மண்ணின் செடிகள், நாலு நாள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும், நாலு வாரம் காய்ந்தாலும் தாங்கும். ரிப்பன் வெட்டினோம், மானியக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள், கவுன்சில் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கைகுலுக்கினார். அந்த வார வியாழக்கிழமை நல்ல மழை. குடையோடு ஓடினேன். லாட்டிலிருந்து ஓடி வந்த தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் வானவில்லோடு, தோட்டத்தின் நுழைவாயில் கல்லைத் தாண்டி உள்ளே வந்து, ஜல்லியில் மோதி வேகம் குறைந்து, புல்லுக்கிடையே பரவி, முழங்கை ஆழத்துக்கு நின்றது. மறுநாள் சாயங்காலம் போனபோது ஒரு சொட்டு மிச்சமில்லை. மேலே மெல்லிய படலமாகக் கறுப்பு வண்டல் மட்டும். கார் டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், துத்தநாகம், நாய்ச் சாணி, எல்லாம் அதில்தான். டயர் தூளை லேசாக எண்ண வேண்டாம். சியாட்டில் பக்கம் முட்டையிட ஓடைக்கு ஏறி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் சிதைந்து உருவாகும் நஞ்சு என்று 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, அதே சாலைத் தண்ணீரை மண்ணும் மட்கும் கலந்த ஒரு படுகை வழியாக வடிகட்டி விட்டால் மீன் பிழைக்கிறது என்று சோதித்துக் காட்டியிருந்தார்கள். என்ன நஞ்சு என்று தெரிவதற்கு முன்பே மண்ணுக்கு அதைப் பிடித்துவைக்கத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கறுப்பு வண்டல்தான் அடுத்த பிரச்சினை. அது சேர்ந்துகொண்டே போகும். வழித்து எடுக்காவிட்டால் மேல்மண் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காது, கொசு வரும், அப்புறம் அக்கம்பக்கத்தார் 'இதற்குத் தாரே பரவாயில்லை' என்பார்கள். வாயில் கல்லில் சிப்ஸ் பாக்கெட், காபி மூடி, அக்டோபரில் மேப்பிள் இலை. ஒரு கை இலை போதும், மொத்தத் தண்ணீரும் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பழையபடி தெருச் சாக்கடைக்கே போய்விடும். இரண்டாம் வருடம் நடந்தது அதுதான். 22,000 டாலர் தோட்டம் ஒரு பீட்சா அட்டைக்குத் தோற்றுப்போய் நின்றது. அதைக் குனிந்து எடுக்க வேண்டிய ஆள் யார் என்பதற்கு எந்த மானிய விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை. இருந்தால், 'பராமரிப்பு எப்படிச் செய்வீர்கள், விளக்குக' என்று ஒரு பத்தி, அதற்கு நேரே பணம் பூஜ்யம். திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு, துடைப்பத்துக்கு இல்லை.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றினால், ஆமாம், பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003இல் எங்கள் வீட்டிலும் குழி எடுத்தோம். அப்பா பக்கத்தில் நின்று ஜல்லி, மணல், கரி என்று அடுக்க வைத்தார். இரண்டு வருடம் கிணற்றில் தண்ணீர் ஏறியது, தெருவே பேசியது. பிறகு அந்தக் குழியை யாரும் திறக்கவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது மூடியைத் தூக்கிப் பார்த்தேன், கழுத்து வரை சேறு, மேலே ஒரு துளசி முளைத்திருந்தது. அம்மா அதைப் பிடுங்கவிடவில்லை.

ஆனால் நமக்கு முந்தியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் என்னை உறுத்துவது. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் நமக்குக் குடவோலை மட்டும்தான் ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது, ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தேர்ந்தெடுத்த குழு. அது மட்டுமில்லை, ஏரியில் மண் எடுப்பதற்காகப் பொன்னை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்து, முதலைத் தொடாமல் அதன் பொலிசையில், அதாவது வட்டியில், ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஏரி வெட்டியவன் பெயரோடு மண் எடுக்கப் பொன் கொடுத்தவன் பெயரும் கல்லில் இருக்கிறது. வண்டல் ஒவ்வொரு வருடமும் வரும், அதனால் பணமும் ஒவ்வொரு வருடமும் வர வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள்.

நியாயமாகச் சொன்னால் ஃபிலடெல்ஃபியாவும் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. தெருவோரத்தில் நகரம் போட்ட மழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்போர் சங்கங்களுக்குத் தண்ணீர்த் துறையே சிறு மானியம் தருகிறது, 'சோக் இட் அப்' என்று பெயர். குப்பை பொறுக்கு, களை எடு, போட்டோ அனுப்பு, பணம் வாங்கிக்கொள். 2013இல் தொடங்கிய 'பவர்கார்ப்ஸ்' என்ற அமைப்பு வேலை கிடைக்காத இளைஞர்களுக்கு, சிறை சென்று வந்தவர்களுக்கும்கூட, இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தருகிறது. துடைப்பக் காசைக் கூலியாக மாற்றிய இந்த இரண்டும்தான் என் கண்ணில் மொத்தத் திட்டத்திலேயே புத்திசாலித்தனமானவை. எங்கள் தோட்டம் தேவாலயத்து மனையில் இருப்பதால் சோக் இட் அப் எங்களுக்கு வராது, அது வேறு விஷயம்.

பணக்காரர்களின் வழியும் ஒன்று இருக்கிறது, சுவாரசியத்துக்காகச் சொல்கிறேன். 2016இல் வாஷிங்டன் டி.சி.யின் தண்ணீர் வாரியம் பசுமைக் கட்டமைப்புக்காக இரண்டரைக் கோடி டாலருக்கு ஒரு கடன் பத்திரம் விற்றது. வாங்கியவர்களில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கியும் ஒன்று. நிபந்தனை: தெருவில் ஓடும் மழைநீர் 41.3 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாரியம் முதலீட்டாளருக்கு 33 லட்சம் டாலர் கூடுதலாகத் தரும், 18.6 சதவீதத்துக்கும் கீழே போனால் முதலீட்டாளர் வாரியத்துக்கு அதே 33 லட்சத்தைத் தர வேண்டும். 2021இல் அளந்து பார்த்தார்கள், ஏறக்குறைய 20 சதவீதம். யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. மழை நன்றாக இறங்குமா என்று வால் ஸ்ட்ரீட் பந்தயம் கட்டிய காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 22,000 டாலருக்கு எவனும் பத்திரம் வாங்க மாட்டான். சின்ன இடங்கள் மானியத்தைத்தான் நம்ப வேண்டும், மானியம் யார் கையிலோ இருக்கிறது. 2025இல் மத்திய அரசு மாறிய கையோடு சுற்றுச்சூழல் முகமை, ஏழைப் பகுதிகளின் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கியிருந்த மானியங்களை நூற்றுக்கணக்கில் ரத்து செய்தது. கையெழுத்தாகி, ஆள் எடுத்து, வேலை ஆரம்பித்தவையும் அதில் உண்டு. முதலில் செலவு செய், பிறகு தருகிறேன் என்று சொன்னவர்கள் பாதியில் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் கிரெடிட் கார்டு நண்பர் யோசித்துப் பார்த்து அன்று தூங்கவில்லையாம்.

எங்கள் மூலைக்கு வருகிறேன். தோட்டத்தைக் காட்டி பில்லில் தள்ளுபடிக்கு விண்ணப்பித்திருந்தோம், போன இலையுதிர் காலத்தில் அது வந்தது. மாதம் முப்பது டாலர் சொச்சம் குறைந்தது. பெரிய தொகை இல்லை. இந்தத் தள்ளுபடியும் நிரந்தரம் இல்லை, நான்கு வருடத்துக்கு ஒரு தடவை தோட்டம் வேலை செய்கிறது என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதாவது வண்டல் வழித்தால்தான் தள்ளுபடி. கூட்டத்தில் நான் உத்திரமேரூர்க் கதையை எடுத்துவிட்டேன். ஆயிரம் வருடம் முன்பு, பொன், வட்டி, ஏரி என்று ஆரம்பித்ததும் பல் டாக்டர் கொட்டாவி விட்டார். சபையின் கணக்கைப் பார்க்கும் மூலை வீட்டு அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது, எல்லோரையும் 'ஹனி' என்றுதான் கூப்பிடுவார். "முதலைத் தொடக் கூடாது, அப்படித்தானே ஹனி?" என்றார். ஆமாம் என்றேன். "நமக்கு முதல் ஏது, குறைந்த முப்பது டாலர்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பி, தலைப்பில் 'மழை' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். பில்லில் குறையும் தொகை அப்படியே அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும், கூரை ஒழுகினாலும் அதைத் தொடக் கூடாது என்று பாஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஜனவரி மாதம் அந்தப் பக்கத்தைக் காட்டினார். வரவு நான்கு மாதம். செலவில் மூன்று வரி: இலை வாரும் கோல் ஒன்று, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, எதிர்வீட்டுப் பையனுக்கு மழைக்கு மறுநாள் வாயில் கல்லைச் சுத்தம் செய்யத் தடவைக்கு எட்டு டாலர். பூட்ஸ் யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான், போட்டுப் பார்" என்றார். ஒரு சைஸ் பெரிது.